டாக்டிகல் பேனா: யாரைக் குத்தணும்?

மகளைக் கோவையில் கல்லூரி விடுதியில் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு பட்டியல் போட்டோம். வாளி, மக், பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொசுவத்தி. (கோத்தகிரியில் வளர்ந்த பிள்ளைக்குக் கொசு என்பதே புதுச் செய்தி.) பட்டியலின் கடைசியில் யாரையும் கேட்காமல் நானாக ஒன்றைச் சேர்த்தேன்: டாக்டிகல் பேனா.

அதற்கு முன்னால் ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்திருந்தேன். எந்த உலோகம், எத்தனை கிராம், எந்த முனை என்று எக்செல் ஷீட் போட்டு ஒப்பிட்டேன். மென்பொருள்காரனின் வியாதி இது. பயம் வந்தால் ஷீட் போடுவோம். ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டேன். வந்த பெட்டியைப் பெருமையாக அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்பா, இதை வச்சு நான் யாரைக் குத்தணும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் ஷீட்டில் பதினோரு காலம் இருந்தது. "யார்" என்று ஒரு காலம் இல்லை. விட்டுப்போன அந்தக் காலத்தை நிரப்பும் முயற்சிதான் இந்தக் குறிப்பு.

பொருள் என்ன?

பார்த்திராதவர்களுக்காக: டாக்டிகல் பேனா என்பது சுமார் பதினைந்து செ.மீ. நீளமுள்ள, விமானத் தர அலுமினியத்திலோ எஃகிலோ டைட்டானியத்திலோ கடைந்த கனமான பேனா. பிடி வழுக்காமல் இருக்க உடம்பு முழுக்க வரிவரியாக வெட்டியிருப்பார்கள். ஒரு முனையில் எழுதலாம். மறுமுனையில் டங்ஸ்டன் கார்பைடு கூர், கார் கண்ணாடியை உடைக்க. சில மாடல்களில் அந்த முனை கிரீடம் மாதிரி பல் பல்லாக இருக்கும். அதற்கு "டி.என்.ஏ. கேட்சர்" என்று பெயர்: தாக்கியவனின் தோலைப் பிய்த்து வைத்துக்கொள்ளுமாம், போலீசுக்குத் தடயமாக. ஸ்மித் அண்ட் வெஸன், கெர்பர், போக்கர் என்று துப்பாக்கியும் கத்தியும் விற்று பெயர் வாங்கிய கம்பெனிகளே இதையும் விற்கின்றன.

இதன் அப்பா குபோட்டான். டக்காயுகி குபோட்டா என்ற ஜப்பானியக் கராத்தே ஆசிரியர் அமெரிக்காவில் உருவாக்கிய, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டைக் கோல் அது. பதினாலு செ.மீ. நீளம், கட்டைவிரல் பருமன், கூர் கிடையாது. 1970-களில் லாஸ் ஏஞ்சலஸ் பெண் போலீசாருக்கு அதை வைத்துப் பயிற்சி கொடுத்தார். இந்தப் பிந்தைய தகவலைத்தான் விளம்பரங்கள் விட்டுவிடுகின்றன. குபோட்டா கொடுத்தது கோலோடு சேர்ந்த பயிற்சி. எங்கே அழுத்தினால் பிடி தளரும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நமக்கு வரும் பெட்டியில் ஒரு பேனா, ஒரு உபரி ரீஃபில், ஒரு ஸ்டிக்கர். பயிற்சி இல்லை.

நம்ம ஊர் டாக்டிகல் பேனா

எழுதுகிற இரும்புக்கு நம்மிடமும் நீண்ட வரலாறு உண்டு. எழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகளே இருந்தன. குண்டெழுத்தாணியின் தலை உருண்டையாக இருக்கும். வாரெழுத்தாணியில் ஒரு முனை எழுதும் கூர், மறுமுனை கத்தி. மடக்கெழுத்தாணி இன்றைய பாக்கெட் கத்தி மாதிரி: கூரையும் கத்தியையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். "மல்டி டூல்" என்று இன்று விற்கப்படும் விஷயத்தை நம் ஊர்க் கொல்லர் எப்போதோ செய்துவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தாணியில் இருந்த கத்தி ஆளைக் குத்த வைத்ததல்ல, ஓலையை அளவாக நறுக்க வைத்தது. எழுதுகிறவனுக்கு இரண்டு வேலையும் உண்டு, அதனால் இரண்டும் ஒரே கருவியில் வந்தன. வேண்டுமென்றால் அதைக் கொண்டு ஒருவனைக் குத்தியும் இருக்கலாம். அது கருவியின் உபரி குணமே தவிர, அது பிறந்த காரணம் அல்ல.

டாக்டிகல் பேனாவில் இந்தக் கணக்கு தலைகீழ். குத்துவதுதான் பிறந்த காரணம், எழுதுவது சாக்கு. நான் வாங்கிய பேனாவைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 42 கிராம். மகள் பரீட்சை எழுதும் சாதாரண பால்பாயிண்ட் பேனா 6 கிராம். ஏழு மடங்கு. நானே மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். மூடியைப் பின்னால் மாட்டினால் கனமெல்லாம் பின்பக்கம் போய்விடுகிறது, பேனா கையை விட்டு மல்லாக்கச் சாய்கிறது. பிடிக்காக வெட்டிய வரிகள் நடுவிரலில் பதிந்து வலிக்கின்றன. மூன்று மணி நேரப் பரீட்சையை இதில் யாரும் எழுத முடியாது. ஆக, தினமும் எழுதுகிற பிள்ளை இதைப் பையின் அடியில் போட்டுவிட்டு ஆறு கிராம் பேனாவைத்தான் கையில் எடுப்பாள். பேனா என்கிற வேடத்தில் எப்போதும் கையில் இருக்கும் என்பதுதானே இதன் முதல் வாக்குறுதி? அந்த வாக்குறுதி எழுத ஆரம்பித்த முதல் நாளே உடைந்துபோகிறது.

இளநீர் திருப்பி அடிக்காது

ஆயுதமாக எப்படி? விமர்சன வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். தர்ப்பூசணியைக் குத்துகிறார்கள், இளநீரைக் குத்துகிறார்கள், அட்டைப்பெட்டியைக் குத்துகிறார்கள். எல்லாவற்றிலும் ஓட்டை விழுகிறது. இயற்பியல் சரிதான்: அதே விசை, சின்னப் பரப்பு, அதிக அழுத்தம். ஆனால் இளநீர் நகராது. கையைப் பிடித்து முறுக்காது. பின்னாலிருந்து வராது.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்று அந்தத் துறையில் பிரபலம். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். இடுப்புறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுட, பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கும் கிட்டத்தட்ட அதே ஒன்றரை வினாடி ஆகும். அதாவது 21 அடிக்குள் வந்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவரே ஆபத்தில்தான் இருக்கிறார். இப்போது துப்பாக்கியை எடுத்துவிட்டுப் பேனாவை வையுங்கள். இடுப்பை எடுத்துவிட்டு, ஜிப் போட்ட கல்லூரிப் பையை வையுங்கள். பேனாவுக்கு எட்டும் தூரம் கை நீளம்தான். அந்த நெருக்கத்தில் நம்மைவிடக் கனமான ஒருவனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அவன் அதைப் பிடுங்கிவிட்டால் கூர் யார் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி இருந்தால் இதெல்லாம் மாறும், மறுக்கவில்லை. சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கால்வரிசை சொல்லித்தருவார்கள். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நிற்கத் தெரியாதவன் கையில் கம்பு சுமைதான்.

மலையில் யாரைக் குத்துவது?

"யார்" என்ற காலத்தை முதலில் எங்கள் ஊருக்கு நிரப்பிப் பார்த்தேன். நீலகிரியில் இருட்டிய பிறகு நடப்பவருக்கு எதிரே வரக்கூடியது யார்? காட்டெருமை, கரடி, சிறுத்தை. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை.

வளர்ந்த ஆண் காட்டெருமை 600 கிலோவுக்குக் குறையாது, ஆயிரத்தையும் தொடும். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் பகலிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். கரடிக்கு எண்ணெயும் சர்க்கரையும் இழுப்பு. பேக்கரிக் கதவையும் கோயில் கதவையும் உடைத்து உள்ளே போன செய்தி எங்களுக்கு மழைச் செய்தி மாதிரி. 2021-இல் கூடலூர், மசினகுடி பகுதியில் டி-23 என்ற புலியைப் பிடிக்க வனத்துறைக்கு 21 நாள் ஆனது. கும்கி யானை, மோப்ப நாய், ட்ரோன், மயக்க ஊசித் துப்பாக்கி எல்லாம் வைத்துக்கொண்டு 21 நாள். 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போனது. எங்கள் மலையின் பயம் இந்த அளவில் இருக்கிறது. இதற்கு முன்னால் 42 கிராம் அலுமினியத்தை வைத்துப் பார்த்தால் சிரிப்பும் வரவில்லை.

என் அனுபவம் ஒன்று. பேனா வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மகள் வேண்டாம் என்று விட்டுப்போனதை நான் என் சட்டையில் சொருகிக்கொண்டு திரிந்தேன். ஒரு சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையிலிருந்து திரும்பும்போது, தேயிலைச் செடிக்கு இடையில் கறுப்பாக ஏதோ அசைந்தது. கரடி. பதினைந்து எட்டு தூரம் இருக்கும். அது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். கையில் செல்போன் வெளிச்சம். மெல்லப் பின்னால் நகர்ந்து, வளைவு வந்ததும் திரும்பி வேகமாக நடந்து, பக்கத்து லைன் வீடுகள் வரை போய்விட்டேன். சட்டையில் பேனா இருந்தது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.

லைன் வீட்டு அக்கா ஒருவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவர். பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த மலையகத் தமிழர் பலருக்கு நீலகிரித் தோட்டங்கள்தான் வாழ்விடமாயின. அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"வாயை மூடிட்டா வந்தீங்க?"

"ஆமாக்கா, தனியாத்தானே வந்தேன்."

"தனியா வந்தாத்தான் தம்பி பேசிட்டு வரணும். நாங்க பாட்டுப் பாடிட்டு வருவோம், இல்லன்னா பிள்ளையத் திட்டிட்டு வருவோம். சத்தம் கேட்டா அது ஒதுங்கிப் போயிரும். நீங்க பூனை மாதிரி வந்து அதுக்கிட்ட நின்னா அது பயந்துக்காதா?"

பிறகு படித்ததில் அக்கா சொன்னது எல்லாம் சரி என்று தெரிந்தது. கரடித் தாக்குதல்களில் நிறைய, மனிதன் திடீரென்று மிக அருகில் வந்துவிடும்போது நடப்பவை. கரடி பயந்து அடிக்கிறது. அப்படியானால் தற்காப்பு என்பது அடிபடும் நேரத்துக்கான கருவி அல்ல, அந்த நேரம் வராமல் செய்யும் பழக்கம். அக்காவின் எவ்ரிடே கேரி என்ன? நல்ல டார்ச், ஒரு கம்பு, கூட ஒரு ஆள், சத்தமான வாய்.

அந்தக் கம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்கம்பு என்பார்கள். கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல்மட்டம் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் செடிமேல் போடும் கோல். இப்போது கத்திரி போட்டு வெட்டுவது அதிகமானதால் அது குறைந்துவிட்டது. அக்கா இன்னமும் வைத்திருக்கிறார். வேலையில் அளவுகோல், வழியில் ஊன்றுகோல், புதரைத் தட்டிச் சத்தம் எழுப்பப் பாம்புக்கும் பன்றிக்கும் எச்சரிக்கைக் கோல். எழுத்தாணி போலத்தான்: தினமும் ஒரு வேலை இருப்பதால் தினமும் கையில் இருக்கிறது.

இதையே பெரிய அளவில் செய்து காட்டிய இடம் வால்பாறை. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் யானையால் இறந்த சம்பவங்களை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு யானை பக்கத்தில் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. ஆகவே அவர்கள் யாருக்கும் ஆயுதம் கொடுக்கவில்லை, தகவல் கொடுத்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி. உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓடும் வரி. மேடான இடங்களில் செல்போன் மூலம் எரியவிடும் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் அந்தப் பாதையில் யானை. இதற்காக எம். ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. என் தொழிலின் பாஷையில் சொன்னால், அவர்கள் பிழை வந்த பிறகு கையாளும் கோடு எழுதவில்லை. பிழை வரும் இடத்துக்கு முன்னாலேயே ஒரு எச்சரிக்கை வைத்தார்கள்.

கோவையில் யாரைக் குத்துவது?

ஆனால் மகள் போனது கோவைக்கு. அங்கே காட்டெருமை இல்லை. நான் பேனா வாங்கும்போது மனதில் இருந்தது இருட்டுத் தெரு, ஆளில்லாத பஸ் ஸ்டாப், முகம் தெரியாத ஒருவன். டாக்டிகல் பேனா விளம்பரங்களில் வருபவனும் அவனேதான், தொப்பி போட்ட ஸ்வெட்டரில் கார் பார்க்கிங்கில் நிற்பவன்.

அப்படிப்பட்டவன் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். குடும்பத்து ஆள், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவர். பதிவான வழக்குகளின் கணக்குதான் இது. தெரிந்தவர் என்பதாலேயே பதிவாகாமல் போனவை வேறு. இந்த எண்ணைப் பார்த்த பிறகு ஒரு நாள் முழுக்க என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை. நான் வாங்கிக்கொடுத்த பொருள் பத்தில் ஒருவனுக்கும் குறைவானவனுக்கு. மீதி ஆட்களிடம் அவள் பேனாவை உருவ மாட்டாள். அவர்கள் வரும்போது நாமே "அங்கிளுக்குத் தண்ணி கொடும்மா" என்றுதான் சொல்லியிருப்போம்.

நம் மரபுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதை. போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடத்தில், புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். வாசல் காவலர்கள் வேடத்தைப் பார்த்து வழிவிடுகிறார்கள். உள் வாயிலில் தத்தன் என்ற மெய்க்காவலன் மட்டும் இது நேரமல்ல என்று தடுத்துப் பார்க்கிறான். அவனையும் மீறி உள்ளே போய்விடுகிறான். பக்திக் கதையாக அதற்கு வேறு பொருள் உண்டு, அதை நான் தொடவில்லை. பாதுகாப்புக் கதையாகப் படித்தால்: வாளோடு காவல் இருந்தும் பயன் இல்லை, ஏனென்றால் வந்தது நம்பிக்கைக்குரிய உருவத்தில். சந்தேகப்பட்ட ஒரே ஆளின் சொல் எடுபடவில்லை.

எழுதுகோலைக் கொண்டு தற்காத்துக்கொண்டவர்களில் வரலாறு நினைவில் வைத்திருக்கும் பெரிய ஆள் ஜூலியஸ் சீசர். கி.மு. 44 மார்ச் 15 அன்று ரோம் செனட்டில் அவரைச் சூழ்ந்து குத்தியபோது, கையிலிருந்த எழுத்தாணியால் காஸ்கா என்பவனின் கையைக் குத்தினார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். நல்ல குத்துதான். அப்புறம் சீசரின் உடம்பில் 23 காயம். குத்தியவர்களில் அவர் மன்னித்துப் பதவி கொடுத்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகம். பேனா ஆயுதமாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வேலை செய்தும் போதாது என்பதற்கும் இதுவே உதாரணம்.

சட்டம் என்ன கேட்கிறது?

சுருக்கமாக. பேனாவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆயுத விதிகளின் அட்டவணை, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றித்தான் பேசுகிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. எங்கள் ஊரில் பெரிய கத்தியோடு ஒருவர் ரோட்டில் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர் செடி வெட்டப் போகிறார். சட்டமும் அக்காவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இது எந்த வேலைக்கு? டாக்டிகல் பேனாவின் பெட்டியே அதற்கு வாக்குமூலம் அச்சடித்து வைத்திருக்கிறது.

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் (பழைய இ.பி.கோ. 96 முதல் 106). 37-ஆவது பிரிவின் சாரம்: தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. உயிருக்கு அஞ்சும் சூழலிலும் பாலியல் வல்லுறவு, ஆசிட் வீச்சு போன்ற தாக்குதலிலும் எதிராளியைக் கொல்வது வரை 38 அனுமதிக்கிறது. எனவே நிஜமான ஆபத்தில் பேனாவால் குத்திய பெண்ணைச் சட்டம் கைவிடாது. ஆனால் கையைப் பிடித்து இழுத்த ஒருவனின் கண்ணில் குத்திவிட்டால் "தேவையான அளவு" என்ன என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விமானப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று: குபோட்டானை அமெரிக்க விமானப் பாதுகாப்பு நிர்வாகம் கைப்பையில் அனுமதிப்பதில்லை. பேனா என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம்.

மிச்சம் என்ன?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு முனை பொய் இல்லை. கார் கவிழ்ந்தோ தண்ணீரில் இறங்கியோ கதவு திறக்காதபோது பக்கவாட்டுக் கண்ணாடியை உடைக்க அது உதவும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கு இது கற்பனைப் பயமும் இல்லை. ஆனால் முன்பக்கக் கண்ணாடியில் முயற்சி செய்யாதீர்கள். அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரியும், உதிராது. 2019-இல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் ஆறு கருவிகளைச் சோதித்தபோது, நான்கு கருவிகள் சாதாரணப் பக்கக் கண்ணாடியை உடைத்தன, ஒட்டுக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. ஸ்பிரிங் வைத்த கருவிதான் சுத்தியல் வகையைவிட நன்றாக வேலை செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு, என் ஷீட்டிலிருந்து:

1. முதலில் அது பேனாவாக இருக்கணும். இருபத்தைந்து கிராமுக்குள், ஒரு கையால் அழுத்தி எழுதக்கூடியது. திருகித் திறக்கும் மூடி வேண்டாம்.
2. பார்க்கர் வகை ரீஃபில் பொருந்தணும். குன்னூர் மார்க்கெட்டில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். பெட்டியோடு வரும் ரீஃபில் ஒரு மாதத்தில் காய்ந்துவிடும். தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையில் எழுதுகிற வேலை உள்ளவர்கள் அழுத்த மை ரீஃபில் போட்டுக்கொள்ளலாம். ஃபிஷர் கம்பெனி விண்வெளிக்குச் செய்தது அதுதான். இல்லையென்றால் பென்சில், எந்தக் குளிரிலும் மழையிலும் எழுதும்.
3. கிரீட முனை வேண்டவே வேண்டாம். பாக்கெட்டைக் கிழிக்கும். ஓங்கிக் குத்தினால் முதலில் உங்கள் கட்டைவிரலைப் பதம் பார்க்கும்.
4. உள்ளே கத்தி ஒளித்த மாடல்கள் பக்கமே போகாதீர்கள்.
5. அதே காசுக்கு நல்ல டார்ச் வாங்க முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். பனிமூட்டத்தில் டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்தால் வெளிச்சம் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும். இடுப்பு உயரத்தில், தரையைப் பார்த்துப் பிடிக்கணும். இதுவும் அக்கா சொன்னதுதான்.

மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தீபாவளி லீவுக்கு அவள் வந்திருந்தபோது, பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பேச்சை எடுத்தேன். (சத்தமாகத்தான். அக்கா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) நான் படித்ததை எல்லாம் சொன்னேன், அந்தப் பத்தில் ஒன்பது கணக்கையும். சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய்ப் பேனா வாங்கிக்கொடுப்பது சுலபம், இதைப் பேசுவது சுலபமில்லை. பேனா வாங்கியதே இதைப் பேசாமல் தப்பிக்கத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

"யாரா இருந்தாலும் சரி," என்றேன். "நம்ம வீட்டுக்கு வந்து போறவங்களா இருந்தாலும் சரி, உன் சாரா இருந்தாலும் சரி. உனக்குச் சரியாப் படலைன்னா எங்ககிட்ட சொல்லு. ஏன் அங்க போன, ஏன் அப்பவே சொல்லலன்னு கேட்க மாட்டோம். முதல்ல நம்புவோம்."

அவள் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அப்புறம், "பேனா வாங்குறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமேப்பா," என்றாள்.

சொல்லியிருக்கலாம்தான்.

பேனா இப்போது காரில், டிரைவர் பக்கக் கதவு அறையில் இருக்கிறது. போன வாரம் பெட்ரோல் பங்கில் ஒருவர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். கொடுத்தேன். ரீஃபில் காய்ந்திருந்தது.